இடம் மட்டும் கொடுத்தால் போதுமா?

ஏழைப் பிள்ளைகளும் வைத்தியம் படிக்க வேண்டும் என்று வாயால் சொல்லாதவர்கள் இன்று நாட்டில் எவரும் இல்லை. ஆனால், அப்படிச் சேர்ந்த பிள்ளைக்குச் சம்பளம் கட்டுவது யார் என்று கேட்கும்போதுதான் அவரவர் யோக்கியதை வெளிப்படுகின்றது. ஆகவே அதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

2020-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாடு சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் 6-ஆவது வகுப்பு முதல் 12-ஆவது வகுப்பு வரை படித்து, நீட் பரீட்சையிலும் தேறிய பிள்ளைகளுக்கு, மாநில சர்க்கார் நிரப்பும் வைத்தியக் கல்லூரி இடங்களில் 100-க்கு 7½ வீதம் ஒதுக்க வேண்டுமென்பதே அதன் சாரம். நீதிபதி கலையரசன் கமிட்டி 100-க்கு 10 என்று சிபார்சு செய்திருந்தது. அதுவும் குறைந்து 7½ ஆயிற்று. அதற்கும் கவர்னருடைய சம்மதம் அக்டோபர் கடைசியில்தான் கிடைத்தது. 2017 முதல் நீட் பரீட்சை கட்டாயமானபின், சர்க்கார் பள்ளிக்கூடத்திலிருந்து வைத்தியக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த நிலைமையில், இச்சட்டம் ஒரே வருஷத்தில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டும் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவும் பாராட்ட வேண்டியதேயாகும்.

நிற்க, கதவு திறந்ததும் நடந்தது என்ன? 2020 நவம்பரில் கலந்தாய்வு ஆரம்பமாயிற்று. சர்க்கார் கல்லூரியில் இடம் பெற்றவர்களுக்குச் சம்பளம் வருஷத்துக்குச் சில ஆயிரம். தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர்களுக்கோ, சர்க்கார் ஒதுக்கீட்டு இடமாயிருந்தும், வருஷத்துக்குச் சில லட்சம்! கூலி வேலை செய்யும் தகப்பனும், வயலில் களை எடுக்கும் தாயும் இதைக் கேட்டு என்ன செய்வார்கள்? கையில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சில பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். இச்செய்தி பத்திரிகைகளில் வந்து நாடே பேசியபின்னரே, அன்றைய முதலமைச்சர் திரு. எடப்பாடி பழனிசாமி அவர்கள், உபகாரச் சம்பளம் வரும்வரை காத்திராமல் படிப்புச் சம்பளத்தையும் விடுதிச் சம்பளத்தையும் சர்க்காரே கல்லூரிகளுக்குக் கட்டும் என்றும், அதற்கென ஒரு சுழல் நிதி ஏற்படுத்தப்படும் என்றும் அறிவித்தார்.

அப்படித் திரும்பிய பிள்ளையின் பெற்றோர் "நம் தலையில் எழுதவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். தோழர்களே! தலையில் எழுதியவன் யார்? எந்தப் பிரம்மாவும் அதை எழுதவில்லை. சம்பளத்தை நிர்ணயித்த மனிதர்கள் காகிதத்தில் எழுதியதுதான் அந்த எழுத்து. மனிதர் எழுதியதை மனிதர் அடித்துத் திருத்தலாம் என்பதற்கு, சில தினங்களுக்குள் வந்த அந்த அறிவிப்பே ருசுவாகும்.

ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், இடம் மட்டும் சட்டத்தில் இருந்து, சம்பளம் அறிவிப்பிலும் உத்தரவிலும் இருந்தால் போதுமா என்பதேயாகும். ஒரு மந்திரி கையெழுத்தால் வந்ததை இன்னொரு மந்திரி கையெழுத்தால் நிறுத்திவிடலாம். உத்தரவு எவ்வளவு உறுதி என்பதை நம் நாட்டார் அனுபவத்தில் கண்டவர்கள். கல்லூரிகளில் வகுப்புவாரி இடம் கொடுத்த உத்தரவு, வைத்தியக் கல்லூரி இடத்தைப் பற்றிய வழக்கின் மூலமாகவே 1951-இல் சுப்ரீம் கோர்ட்டில் விழுந்தது. அதன்பின் அவ்வருஷமே அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்த வேண்டியதாயிற்று. 69 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆபத்து வந்தபோதும், 1993-இல் அதைத் தனிச் சட்டமாக்கி, 1994-இல் 9-ஆவது அட்டவணையில் சேர்த்த பிறகே மூச்சு விட முடிந்தது. இதிலிருந்து பாடம் கற்க வேண்டாமா?

இதற்கு இரண்டு ஆட்சேபனைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தகுதி கெட்டுப்போகும் என்பது. நிர்வாக ஒதுக்கீடு என்றும், வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடு என்றும் பெயர் வைத்துப் பல லட்சம் வாங்கிக்கொண்டு, குறைந்த மார்க் வாங்கியவர்களையும் சேர்த்துக் கொள்ளுகிறபோது இத்தகுதிக் கனவான்கள் எங்கே போயிருந்தார்கள்? பணக்காரன் பணம் கட்டினால் கெடாத தகுதி, ஏழைக்குச் சர்க்கார் பணம் கட்டினால் மாத்திரம் எப்படிக் கெடும்?

மற்றொன்று, பொது ஜனங்களின் வரிப்பணத்தைத் தனியார் முதலாளிகளுக்குக் கொட்டலாமா என்பது. இது நியாயமான கேள்விதான். இதற்குச் சரியான பரிகாரம் சர்க்கார் கல்லூரிகளைப் பெருக்குவதேயாகும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் திறக்கப்பட்டது அவ்வழியில் பெரிய காரியமே. ஆனால் எல்லாம் சர்க்கார் கல்லூரியாகும்வரை இன்றைய பிள்ளை காத்திருக்க முடியுமா? வயது காத்திருக்குமா? முதலாளி கொழுப்பானே என்று பயந்தால், கமிட்டி நிர்ணயித்ததற்கு மேல் ஒரு காசும் வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே ஒழிய, பிள்ளையைத் தெருவில் நிறுத்துவது நியாயமாகுமா?

ஆகவே சட்டசபையார் செய்ய வேண்டியது இதுதான். இடம் கொடுக்கும் சட்டத்திலேயே, அவ்விடத்துக்குரிய படிப்புச் சம்பளமும், விடுதி, சாப்பாடு, புத்தகச் செலவும் படிப்பு முடியும்வரை சர்க்காரைச் சேர்ந்தது என்று ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். சர்க்கார் பணம் தாமதமானால் அதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ, சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கவோ கல்லூரிக்கு அதிகாரமில்லை என்று எழுத வேண்டும். இச்சட்டத்துக்குள் வராமல் விடப்பட்ட, சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கூடங்களின் ஏழைப் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும்.

இடத்தைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் கொடுக்காமலிருப்பது, பசித்தவனுக்கு இலையைப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு விலை கேட்பதற்கே ஒப்பாகும். பெற்றோர்கள் இதைத் தர்மமாக நினைத்துக் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை. தங்கள் வரிப்பணத்தில் தங்கள் பிள்ளைகளுக்குரிய பங்கு என்று நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை, எந்தக் கட்சியாராயிருந்தாலும் சரி, "சம்பளத்தைச் சட்டத்தில் எழுதுவீர்களா?" என்ற ஒரு கேள்வியையாவது கேட்டுப் பதில் வாங்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.