நம்பர் ஒன் என்றார்கள்

காரைக்காலில் விமானம் இறங்குவதில்லை. ஆனால் விமானம் ஏறாத வீடு குறைவு. பாரிஸ், துபாய், சிங்கப்பூர் என்று யாராவது கிளம்பினால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்கோ சென்னைக்கோ கார் பிடிக்கிறோம். பெல்ட் போட்ட பிறகும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானம் அசையாமல் நின்றால் முனகல் எழும்: "இன்னும் ஏன் நிக்கிறான்?"

நிறுத்தி வைப்பது விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம். ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடுகள் இருக்கும்; உத்தரவில்லாமல் அவற்றைத் தாண்டக் கூடாது. 'லைன் அப் அண்ட் வெயிட்' என்றால் பாதைக்குள் போய் நிற்கலாம், கிளம்பக் கூடாது. கிளம்புவதற்குத் தனி அனுமதி. இரண்டையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி உள்ளே நிறுத்தி வைத்தால், முன்னால் போனது மேலே எழும்பியதும் அடுத்தது உடனே ஓடத் தயாராக இருக்கும். சில நொடிகள் மிச்சம். அந்த மிச்சத்துக்கு விலையும் உண்டு. 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பாதைக்குள் நிற்கச் சொன்ன சிறு விமானத்தைக் கோபுரம் மறந்துபோனது. இறங்கிய போயிங் அதன் மேலேயே ஏறியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தோக்கியோ ஹனேடாவில் 2024 ஜனவரி 2 மாலை நடந்தது இன்னும் நுட்பமானது. நிலநடுக்க நிவாரணப் பொருள்களுடன் நின்ற கடலோரக் காவல்படை விமானத்துக்கு, "நீங்கள் நம்பர் ஒன், கோடு வரை வாருங்கள்" என்று உத்தரவு. விமானி பாதைக்குள்ளேயே போய் நின்றுவிட்டார், ஏறக்குறைய 40 நொடி. கோபுரத்தின் திரையில் எச்சரிக்கையாகப் பாதை மஞ்சளாக மாறியது, கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. நுழைவாயிலில் இருந்த சிவப்பு நிறுத்த விளக்குகள் பராமரிப்புக்காக அணைந்திருந்தன. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மேல் மோதித் தீப்பிடித்தது; அதில் இருந்த 379 பேரும் தீ முழுதாகப் பரவுவதற்குள் வெளியேறிவிட்டனர். காவல்படை விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பிறகு 'நம்பர் ஒன்' என்று புறப்படும் வரிசை எண் சொல்வதையே ஜப்பான் நிறுத்தி வைத்தது. மரியாதைக்குச் சொன்ன எண், அனுமதியாகக் காதில் விழுந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கமும் அதே ஆண்டு ஜூன் 8 அன்று மும்பையில், ஏர் இந்தியா விமானம் மேலெழும்பும் முன்பே அதே பாதையில் பின்னால் இண்டிகோ விமானம் இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. கோபுரத்தில் இருந்தவரைப் பணியிலிருந்து விலக்கி விசாரித்தார்கள். ஒருவரை விலக்குவது சுலபம். விளக்கும் திரையும் எச்சரிக்கை மணியும் வைப்பதுதான் செலவு.

காரைக்கால் விமான நிலையத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. என்றைக்காவது அது வந்தால், கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றிப் பேச வருகிற தலைவர்களிடம் ஓடுபாதை விளக்குகளுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.