சத்தம் கேட்காமல் சூப்பர்சானிக் விமானம் பறக்க முடியுமா? கம்ப்யூட்டர் போடும் கணக்கு இதுதான்!

அமெரிக்காவில் நிலப்பரப்புக்கு மேல் சிவில் விமானங்கள் ஒலியை விட வேகமாகப் பறக்க 1973-ல் தடை வந்தது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி 2025 ஜூனில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். இனி வேகத்துக்கு அல்ல, சத்தத்துக்கு மட்டும் வரம்பு என்பதுதான் புதிய யோசனை.

தடை ஏன் வந்தது?

ஒலியை முந்தும் விமானம் காற்றை நெருக்கித் தள்ளும். அந்த அழுத்த அலை தரையில் வெடிச் சத்தமாகக் கேட்பதுதான் 'சானிக் பூம்'. ஒலி வேகத்தைத் தாண்டும் அந்த நொடியில் மட்டும்தான் கேட்கும்னு நினைக்காதீங்க. அந்த வேகத்தில் போகும் வழி நெடுகக் கேட்கும். 1964-ல் ஓக்லஹோமா சிட்டி மேல் ஆறு மாதத்தில் 1,253 முறை சோதித்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, புகார்கள் குவிந்தன.

சத்தம் வளையுமா?

வளையும். 11 கி.மீ. உயரத்தில் காற்று சுமார் மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலி மணிக்கு சுமார் 1,060 கி.மீ. வேகத்தில் போகும். தரைக்கு அருகே 15 டிகிரி வெப்பத்தில் 1,225 கி.மீ. கீழே வர வர வேகம் கூடுவதால் ஒலி மேல்நோக்கி வளையும். கோடையில் தார் ரோட்டில் தண்ணீர் கிடப்பது மாதிரி தெரியுமே, அங்கே ஒளி வளைவதும் இப்படித்தான்.

ஒலி வேகத்தைக் கொஞ்சம் மட்டும் தாண்டிப் பறந்தால், சத்தம் தரையைத் தொடாமலே திரும்பிவிடும். 2025 ஜனவரியில் எக்ஸ்பி-1 விமானம் பறந்தபோது தரையில் சத்தம் கேட்கவில்லை என்றது பூம் சூப்பர்சானிக் நிறுவனம். ஆனால் கான்கார்ட் மாதிரி இரண்டு மடங்கு வேகத்தில் போனால் இந்த வழி உதவாது.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

நாசா பயன்படுத்தும் 'பிசிபூம்' போன்ற மென்பொருளில் விமானத்தின் வடிவம், வேகம், உயரம், ஒவ்வொரு உயரத்திலும் உள்ள வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் கொடுப்பார்கள். சத்தம் எந்த இடத்தில், எவ்வளவு பலமாக விழும்னு அது கணக்கிடும். நாசாவின் எக்ஸ்-59 விமானத்தின் நீண்ட மூக்கும் இப்படிக் கணக்குப் போட்டு வடிவமைத்ததுதான். இலக்கு, கார் கதவைச் சாத்தும் அளவு சத்தம். 2025 அக்டோபரில் அது முதல் முறையாகப் பறந்தது.

சிக்கல் எங்கே?

தரைக்கு அருகே காற்று கொந்தளிக்கும். அதனால் ஒரு தெருவில் மெதுவாகக் கேட்பது, பக்கத்துத் தெருவில் 'டமார்' என விழலாம். வானிலைக் கணிப்பு தப்பினால் கணக்கும் தப்பும்.

அதனால்தான் எக்ஸ்-59-ஐ ஊர்களுக்கு மேல் பறக்கவிட்டு, மக்களிடமே கருத்து கேட்க நாசா திட்டமிட்டிருக்கிறது. சத்தத்தை வைத்து சட்டம் போடுவதென்றால், கம்ப்யூட்டர் கணக்கு மட்டும் போதாது, கீழே இருப்பவர்களின் காதும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.