மாதிரி நிரலில் விட்டுப்போன ஒரு வரி

நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதக் கற்றுக்கொள்ளும் யாரும் வெறும் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. மைக்ரோசாஃப்ட் தரும் மாதிரி நிரலையோ, லினக்ஸ் புத்தகத்தில் இருப்பதையோ எடுத்து, கம்பைல் செய்து, ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு தன் கார்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வார்கள். இதில் தப்பே இல்லை. எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதிரியிலேயே ஓட்டை இருந்தால்?

இருந்தது. 2003 ஜனவரியில் அது வெளியே வந்தது. அந்தக் கதைக்குள் போகும் முன், ‘கெர்னல் மோடு’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

திருத்தணி மலைக்கு 365 படி ஏறிப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தரிசன வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்; வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். கருவறைக்குள் ஏதாவது அசம்பாவிதம் என்றால் நடையையே சாத்திவிடுவார்கள். உங்கள் பிரவுசர், வாட்ஸ்அப் எல்லாம் வரிசையில் நிற்பவை. டிரைவர் பெரும்பாலும் கருவறைக்குள் வேலை செய்கிறது. கணினியின் மொத்த நினைவகமும் அதன் கைக்கு எட்டும். அங்கே ஒரு கணக்கு தப்பினால் மெஷினே படுத்துவிடும். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் கெர்னல் மோடு பாதுகாப்பு டிரைவர் ஒன்று, தவறான அப்டேட் கோப்பைப் படித்துத் தடுமாறியதால் வந்த வினை அது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன.

அன்றைக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 2003-ல் வெளிவந்தது சத்தமே போடாத வகை.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும். கடைசி 4 பைட் சரிபார்ப்புக்கான எண். அதைக் கழித்தால் 60. ஆனால் பல செய்திகள் அவ்வளவு பெரியவை அல்ல. ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று கேட்கும் ஏ.ஆர்.பி செய்தி, தலைப்புப் பகுதியோடு சேர்த்தே 42 பைட்தான். மீதி 18 பைட்டை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். பூஜ்ஜியம் போட்டு நிரப்ப வேண்டும் என்பது பழைய விதி.

பல டிரைவர்கள் என்ன செய்தன தெரியுமா? நீளம் 60-க்குக் குறைவாக இருந்தால் ‘60 என்று வைத்துக்கொள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டன. பூஜ்ஜியம் போடும் வேலையை யாருமே செய்யவில்லை. கார்டு 60 பைட் அனுப்பியது. அந்த 18 பைட் இடத்தில் நினைவகத்தில் முன்பு என்ன கிடந்ததோ, அதுவும் சேர்ந்து வெளியே போனது. வேறொருவருக்கு அனுப்பிய செய்தியின் துண்டாக இருக்கலாம், பாஸ்வேர்டின் ஒரு பகுதியாகக்கூட இருக்கலாம். அதே லோக்கல் நெட்வொர்க்கில் இருக்கிற யாரும் சின்னச் சின்ன பிங் செய்திகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, பதிலின் வாலில் ஒட்டிவருவதைச் சேகரிக்க முடிந்தது. மெஷின் படுக்காது, எரர் வராது.

அட்ஸ்டேக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஓஃபிர் ஆர்கின், ஜாஷ் ஆண்டர்சன் இருவரும் இதைக் கண்டுபிடித்து ‘ஈதர்லீக்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் ஒரு டிரைவரில் மட்டும் என்றால் இது அன்றே மறந்துபோயிருக்கும். பல நிறுவனங்களின் டிரைவர்களில் இதே ஓட்டை. மைக்ரோசாஃப்ட் சொன்ன பதிலில்தான் விஷயம் இருக்கிறது: தாங்கள் விற்கும் டிரைவர் எதிலும் இந்தக் குறை இல்லை, ஆனால் தங்கள் ஆவணங்களில் உள்ள மாதிரி நிரல்களை மாற்றாமல் அப்படியே கம்பைல் செய்தால் வரலாம் என்றது. மாதிரிகளைத் திருத்தியது, டிரைவர்களுக்குச் சான்றிதழ் தரும் சோதனையிலும் இதைச் சேர்ப்பதாக அறிவித்தது.

லினக்ஸ் பக்கமும் இதே கதைதான். ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ புத்தகத்தில் ‘எஸ்நல்’ என்று ஒரு குட்டி நெட்வொர்க் டிரைவர் வரும். நிஜக் கார்டே தேவையில்லை, படிப்பதற்காகவே எழுதியது. 2001-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த ‘60 என்று வைத்துக்கொள்’ வரி அப்படியே இருக்கிறது. 2005-ல் வந்த மூன்றாம் பதிப்பில், பூஜ்ஜியம் நிரப்பிய தனி இடத்துக்குச் செய்தியை நகலெடுத்து அனுப்புகிறார்கள். ஏன் என்றும் விளக்குகிறார்கள். எனக்குத் தெரிந்து பாதுகாப்பைப் பற்றி அந்த அத்தியாயத்தில் இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள்தான் குறைவு.

புத்தகத்தைத் திருத்தினால் போதுமா? ஏற்கெனவே காப்பியடித்தவர்களின் நிரலை யார் திருத்துவது? 2021 ஜனவரியில், முதல் எச்சரிக்கை வந்து 18 ஆண்டுகள் கழித்து, பாலோ ஆல்டோ நிறுவனம் தன் ஃபயர்வால் கருவிகள் சிலவற்றில் அதே ஈதர்லீக் இருப்பதாக அறிவித்தது. நெட்வொர்க்கைக் காவல் காக்கும் பெட்டியிலேயே!

கெர்னலுக்குள் ஒரு நீளக் கணக்கு தப்பினால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்று உண்டு. விண்டோஸின் கோப்புப் பகிர்வு டிரைவரில், 32 பிட் எண்ணாகக் கையாள வேண்டிய நீளத்தை ஓரிடத்தில் 16 பிட்டாக எழுதிவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகமெங்கும் பரவியது. ஆந்திராவில் சிக்கியவற்றில் சித்தூர் மாவட்டக் காவல் துறைக் கணினிகளும் உண்டு. 1960 ஏப்ரலில் நம் பக்கம் வரும்வரை திருத்தணி இருந்த அதே மாவட்டம்தான். மாநில எல்லை மாறினால் என்ன, வைரஸுக்கு அது தெரியவா போகிறது?

திருத்தணி, அரக்கோணம் பக்கமிருந்து ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்கு வருகிற எத்தனையோ பேர், இன்று நெட்வொர்க் கருவிகளுக்கு நிரல் எழுதும் இடங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘காப்பி அடிக்காதே’ என்று சொல்வது வெட்டிப் பேச்சு. டெட்லைன் இருக்கிறது, ஏஐ உதவியாளரும் பழைய மாதிரிகளைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. கேள்வியை மாதிரி கொடுப்பவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். ‘இது கற்பதற்கு மட்டும்’ என்று மேலே ஒரு குறிப்பு போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? பாக்கெட் சின்னதாக வந்தால், நீளம் பொய்யாக வந்தால், நினைவகம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது மாதிரியிலேயே இருக்க வேண்டும். வரி கூடும், பாடம் நீளும், படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும். பரவாயில்லை. கல்லூரி லேபில் டிரைவர் ‘ஓடியது’ என்பதற்கு முழு மார்க் போடுவதையும் நிறுத்தலாம்; தவறான பாக்கெட்டை அனுப்பிப் பார்த்து, விழாமல் நின்றால் பாதி மார்க்கை அதற்குக் கொடுக்கலாம்.

உங்கள் அலுவலக லேபில் நீங்களே சோதிக்கலாம், அனுமதி வாங்கிக்கொண்டுதான். கேபிளில் இணைந்த பக்கத்து மெஷினுக்கு 1 பைட் பிங் அனுப்பி, பதிலை உங்கள் மெஷினில் வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். உண்மையான செய்தி 43 பைட்டில் முடியும். அதற்குப் பின் வரும் 17 பைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வேறு ஏதாவது தெரிந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால், அந்த மெஷினின் டிரைவர் எந்த வருடத்தது என்று முதலில் தேடுங்கள்.