‘ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்’: பதற்றம், ஹிப்னோதெரபி, நாங்கள் செய்த தப்பு (நீண்ட இழை)

1/
பெசன்ட் நகர்ல க்ளினிக் வெச்சிருக்கிற பொது மருத்துவர் நான். இந்த வாரம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டாங்க: "டாக்டர், ஆங்சைட்டிக்கு ஹிப்னோதெரபி போகலாமா?" எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிடறேன். நீளமான இழை, பொறுமையா படிங்க. சிலருக்குக் கோபம் வரும். அதில் என் சக டாக்டர்களும் இருப்பாங்க.

2/
என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் முப்பதுகளில் இருந்த ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஓஎம்ஆரில் ஐடி வேலை. டைடல் பார்க் சிக்னலில் கேப்பில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், விரல்கள் மரத்துப்போதல், "இதோ செத்துடப் போறேன்"னு ஒரு பயம். ஈசிஜி எடுத்தேன், நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். "ஒண்ணுமில்ல சார், டென்ஷன்தான். ரிலாக்ஸா இருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மொத்தமே நாலு நிமிஷம்.

3/
அதே "ஒண்ணுமில்ல"வை இன்னும் மூணு டாக்டர்களிடம் கேட்டார். எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தாச்சு. ஒருத்தர் அல்பிரசோலம் மாத்திரை ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். கடைசியில் ஒரு ‘மைண்ட் பவர்’ சென்டர். 6 சிட்டிங், 40,000 ரூபாய். மூன்றாவது சிட்டிங்கில் அவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோய்ச் சொன்னது இது: "போன ஜென்மத்துல நீங்க கடல்ல மூழ்கி இறந்திருக்கீங்க. அந்த பயம்தான் இப்போ வருது."

4/
தினமும் சாயந்திரம் அஷ்டலட்சுமி கோயில் பக்கமிருந்து எலியட்ஸ் பீச் ஷ்மிட் நினைவுச்சின்னம் வரை நடப்பவர் அவர். நெஞ்சு லேசாகிற ஒரே நேரம் அதுதான். அந்த சிட்டிங்குக்குப் பிறகு கடற்கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வீடு கடலிலிருந்து இரண்டு தெரு. ராத்திரி அலைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். ஒரு பயத்தோடு போனவரை இரண்டு பயத்தோடு அனுப்பியிருக்கிறார்கள்.

5/
ஒரு வருஷம் கழித்து என்னிடம் திரும்பி வந்தார். அந்த சென்டர் மேல எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. ஆனா அவர் ஃபைலைப் பிரிச்சா, முதல் காகிதம் என்னுடைய சீட்டு. அவரை அங்கே அனுப்பி வைத்தது எங்கள் "ஒண்ணுமில்ல"தான். அதனால்தான் இந்த இழையில் இரண்டு பக்கமும் அடி விழும்.

6/
முதல்ல பதற்றம்னா என்னன்னு பார்ப்போம். நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? மூளையின் எச்சரிக்கை மணி அடிக்கும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகும், மூச்சு வேகமாகும். ஓடித் தப்பிக்க இதெல்லாம் வேண்டும். பேனிக் அட்டாக்கில் இதே மணி, நாய் இல்லாமலேயே அடிக்கிறது. மணி நிஜம், அட்ரினலின் நிஜம், படபடப்பும் நிஜம். இதில் எதுவுமே "ஒண்ணுமில்ல" கிடையாது.

7/
விரல் ஏன் மரத்துப்போகுது? தேவைக்கு மேல் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் விரல், உதடு எல்லாம் குறுகுறுக்கும், தலை கிறுகிறுக்கும். இதைப் பார்த்து "ஏதோ ஆகப்போகுது"ன்னு இன்னும் பயப்படுவோம். மூச்சு இன்னும் வேகமாகும். இந்தச் சுழல் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். இதை அன்றைக்கே அவருக்கு ஒரு காகிதத்தில் நான் வரைந்து காட்டியிருக்கலாம்.

8/
பதற்றத்துக்குத் தீனி போடுவது தவிர்த்தல். சிக்னலில் பயம் வந்தது, அதனால் அந்த ரோட்டில் போவதில்லை. லிஃப்ட் வேண்டாம், கூட்டம் வேண்டாம், தனியா இருக்க வேண்டாம். தவிர்க்கிற ஒவ்வொரு தடவையும் உடனே நிம்மதி கிடைக்கும். ஆனால் மூளை கற்றுக்கொள்வது வேறு: "தப்பிச்சதாலதான் பிழைச்சோம்." அடுத்த தடவை மணி இன்னும் சத்தமாக அடிக்கும். எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் ஒருநாள் இந்த முடிச்சை அவிழ்த்தாக வேண்டும்.

9/
இப்போ ஹிப்னாஸிஸ். நமக்கெல்லாம் இதில் குரு சினிமாதான். ‘அந்நியன்’ (2005) படத்தில் டாக்டர் ஹிப்னாடைஸ் செய்து உள்ளே ஒளிந்திருக்கும் ஆளை வெளியே கொண்டுவருவார். ‘ஏழாம் அறிவு’ (2011) வில்லன் கண்ணைப் பார்த்தே ஆளைக் கொல்ல வைப்பான். நிஜத்தில் அப்படி எதுவும் இல்லை. அது தூக்கமும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை. கதை படிச்சுக்கிட்டே 29சி பஸ்ல இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கீங்களா? கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியுள்ள சத்தம் மங்கிவிடும். அந்த நிலையைத் திட்டமிட்டு உண்டாக்கி, அப்போது தகுந்த யோசனைகளைச் சொல்வதுதான் ஹிப்னாஸிஸ். சிலருக்கு எளிதாக வரும், சிலருக்கு வரவே வராது.

10/
இதை ஆரம்பத்திலேயே சரியாகப் பிடித்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். 1756ல் கோவாவின் காண்டோலிமில் பிறந்த பாதிரியார் அபே ஃபரியா. மெஸ்மர் வழி வந்தவர்கள் "எங்கள் உடம்பிலிருந்து காந்த சக்தி பாயுது"ன்னு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பாரிஸில் நின்று அவர் சொன்னது: சக்தி எதுவும் பாயவில்லை, நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனதுக்குள்தான். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. இருநூறு வருஷம் கழித்தும் இங்கே "என் பவர்", "என் எனர்ஜி"ன்னு போர்டு வெச்சிக்கிட்டு இருக்காங்க.

11/
சரி, பதற்றத்துக்கு இது வேலை செய்யுமா? ஓரளவு செய்யும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளியான ஓர் அலசல், ஹிப்னாஸிஸ் பதற்றத்தைக் குறைக்கிறது என்கிறது. அதே அலசல், தனியாகத் தருவதைவிட வேறு மனநலச் சிகிச்சையோடு சேர்த்துத் தரும்போது பலன் அதிகம் என்றும் சொல்கிறது. விளம்பரங்களில் முதல் பாதியை மட்டும் போடுவார்கள்.

12/
பிரிட்டனின் நைஸ் அமைப்பு மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடுகிறது. தொடர் பதற்றத்துக்கு அதில் இருப்பது சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை, தசைத் தளர்வுப் பயிற்சி, செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள். ஹிப்னோதெரபி அந்த வரிசையில் இல்லை. அதே அமைப்பு, மருந்துக்கு அடங்காத குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னோதெரபியைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆக இது மாயமும் இல்லை, முழு மோசடியும் இல்லை. ஒரு கருவி. கத்தி டாக்டர் கையில் இருந்தால் ஆபரேஷன். வேற கையில இருந்தா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

13/
சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2003 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை முறையாக, பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம். அது தனி மருத்துவத் துறை கிடையாது. ‘டாக்டர்’ என்ற பட்டம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளில் படித்தவர்களுக்கு மட்டும். வார இறுதி வகுப்பு முடிச்சிட்டு பேருக்கு முன்னால ‘டாக்டர்’ போட்டிருக்கும் போர்டுகளை இதை மனசுல வெச்சிக்கிட்டு ஒரு தடவை பாருங்க.

14/
முன்ஜென்ம விஷயத்துக்கு வருவோம். மறுபிறவியில் நம்பிக்கை இருப்பதும் இல்லாததும் உங்கள் விருப்பம், நான் அதில் தலையிடவில்லை. என் கவலை நினைவைப் பற்றியது. நினைவு வீடியோ பதிவு அல்ல. ஒவ்வொரு தடவையும் மனசு அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1995ல் எலிசபெத் லாஃப்டஸ் நடத்திய சோதனையில், சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை 24 பேரிடம் சொன்னார்கள். சுமார் கால்வாசிப் பேர் அது நடந்ததாகவே நம்பினார்கள். இதுக்கு ஹிப்னாஸிஸ்கூடத் தேவைப்படல! ஹிப்னாஸிஸில் வரும் நினைவு துல்லியமாவதில்லை. "இது நிஜம்தான்" என்ற நம்பிக்கைதான் அதிகமாகிறது.

15/
குப்பத்திலிருந்து வரும் அக்காக்களும் இதே படபடப்போடு என்னிடம் வருகிறார்கள். "நெஞ்ச அடைக்குது, காத்து கருப்பு பட்டுடுச்சுன்னு மந்திரிச்சு தாயத்து கட்டினாங்க"ம்பாங்க. அதைக் கேட்டுச் சிரிக்கிற அப்பார்ட்மென்ட்வாசிகள்தான் ஏசி ரூமில் சாய்ந்து படுத்து போன ஜென்மத்தைத் தேடுகிறார்கள். தாயத்து சில நூறு ரூபாய், இது 40,000. வித்தியாசம் ஏசி மட்டும்தான்.

16/
இப்போ கமெண்ட்ல வரப்போகும் கேள்வி: "எனக்கு அதுல சரியாச்சே?" சந்தோஷம், உண்மையாகவே. பதற்றம் ஏறி இறங்கும் தன்மையுள்ளது, உச்சத்தில் போனவர்களுக்கு எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதோட, உங்க வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒருத்தர் முழுசா ஒரு மணி நேரம் உட்கார்ந்து நீங்க சொன்னதைக் கேட்டிருப்பார். அதுவே பாதி மருந்து. அதை நாங்கள் தரவில்லை. இந்தக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

17/
அதனால் சக டாக்டர்களே, "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையை விட்டுடுங்க. அதற்குப் பதில் இதைச் சொல்லுங்க: "உங்களுக்கு ஹார்ட் அட்டாக் இல்லை. ஆனா உங்களுக்கு வந்தது நிஜம். அதுக்குப் பேர் பேனிக் அட்டாக். நல்ல சிகிச்சை இருக்கு, யாரைப் பார்க்கணும்னு நான் சொல்றேன்." இருபது செகண்ட்தான் ஆகும். அப்புறம் அந்த அல்பிரசோலம் அட்டை. சில வாரங்களிலேயே பழக்கமாகலாம், பிறகு விடுவது கஷ்டமாகும். கையெழுத்துப் போடும்முன் யோசிங்க.

18/
2015-16ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்றது அது. அந்த இடைவெளியில்தான் இந்தக் கடைகள் எல்லாம் நடக்கின்றன.

19/
சரி, நீங்க என்ன செய்யணும்? முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். அதிக தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, சில இன்ஹேலர்கள், ஏன், அளவுக்கு மீறிய ஃபில்டர் காபிகூட பதற்றம் மாதிரியே காட்டும். நெஞ்சு வலியை "ஆங்சைட்டியா இருக்கும்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. அதெல்லாம் இல்லையென்று தெரிந்தபின் மனநல மருத்துவர் அல்லது க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்.

20/
அதன்பிறகும் ஹிப்னோதெரபி வேண்டும் என்றால், போங்க. ஆனா பணம் கட்டும் முன்னால இதைக் கேளுங்க:
– பதிவு எண் என்ன? (டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில், க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில்.)
– ஹிப்னாஸிஸ் இல்லாமல் என் பிரச்சனைக்கு உங்களால் சிகிச்சை தர முடியுமா?
இரண்டாவதுதான் முக்கியம். "முடியாது, எனக்கு இது மட்டும்தான் தெரியும்" என்றால், உங்கள் நோயைப் பற்றி அவருக்குத் தெரியாது.

21/
இவற்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்:
– "ஒரே சிட்டிங்கில் நூறு சதவீதம் குணம்."
– "போன ஜென்மத்துல..."
– "மாத்திரையெல்லாம் இன்னிக்கே நிறுத்திடுங்க." அல்பிரசோலத்தை நாள்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.
காதில் குரல் கேட்பது, காரணமில்லாத கடும் சந்தேகம் இருப்பவர்கள் ஹிப்னோதெரபி பக்கமே போக வேண்டாம். நேராக மனநல மருத்துவர்.

22/
காசு இல்லையே என்பவர்களுக்கு: 14416, டெலி-மானஸ். மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அதன் வரலாறு 1794ல் தொடங்குகிறது. "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு கிண்டல் பண்ணியே பாதிப் பேரை அந்த வாசலுக்குப் போகவிடாமல் செய்துவிட்டோம். அந்தக் கிண்டலையும் இன்றோடு விடுங்கள்.

23/
அந்த ஐடிக்காரர் என்ன ஆனார்? மனநல மருத்துவர் மாத்திரை ஆரம்பித்தார், சைக்காலஜிஸ்ட் சிபிடி தந்தார். ஒரு கட்டத்தில் அதே சைக்காலஜிஸ்ட் ஹிப்னாஸிஸையும் பயன்படுத்தினார். போன ஜென்மத்துக்கு அனுப்பவில்லை. கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கி, மனசுக்குள்ளேயே பீச் வரை நடக்கச் சொன்னார். பிறகு நிஜமாக. முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்து நடைபாதை, அடுத்து மணல், கடைசியில் தண்ணீர். எட்டு மாசம் ஆச்சு. இப்பவும் எப்பவாவது படபடப்பு வரும். வந்தா என்ன பண்ணணும்னு அவருக்குத் தெரியும்.

24/
போன மாசம் ஷ்மிட் நினைவுச்சின்னம் பக்கம் பார்த்தேன். பேன்ட்டை மடித்துவிட்டு, கணுக்கால் தண்ணியில மகளோட நின்னுக்கிட்டிருந்தார். "டாக்டர், அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"ன்னார் சிரிச்சிக்கிட்டே. சொல்லியிருக்கலாம். அதனால்தான் இன்னிக்கு உங்ககிட்ட சொல்றேன். படபடப்போடு இருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு இதை அனுப்புங்க.