அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டி



எங்கள் திசையன்விளைப் பக்கம் காலையில் எழுந்ததும் கருப்பட்டிக் காப்பிதான். பனங்காட்டு ஊரில் வேறென்ன குடிப்பார்கள்? டீ என்றால் கடைத்தெருவில் ஆண்கள் குடிப்பது என்றுதான் என் மாமியார் காலம் வரை எண்ணம். அந்த வீட்டு அடுக்களையில் இன்று ஐந்து டப்பா தேயிலை இருக்கிறது. காரணம் என் மதினி!

பெரியம்மா மகன் அண்ணனுக்கு மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை. மதினியும் அங்கே கொழுந்து பறித்தவர். கோவில் கொடைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டு வருவார். முதல் தடவை நான் அதைப் பாலோடு போட்டு, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர், "ஏட்டி, இது என்ன கஷாயமா? ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா பாத்துப் பாத்துக் கிள்ளுதோம். நீ கீரை மாதிரி வேக வைக்கியே!" என்றாரே பார்க்கலாம். அன்று ஆரம்பித்த பாடம்தான் இது.

எத்தனை பெயர் சொன்னாலும் தேயிலைச் செடி ஒன்றேதான். பறித்த இலையை வாடவிட்டு, உருட்டி, காற்றுப்பட்டுச் சிவக்க வைத்து உலர்த்தினால் நமக்குப் பழக்கமான தேயிலை. சிவக்க விடாமல் உடனே சூடு காட்டி உலர்த்தினால் பச்சைத் தேயிலை. பாதி சிவந்ததும் நிறுத்தினால் ஊலாங். இளம் மொட்டை உருட்டாமல் வாடவிட்டு உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. நாம் கடையில் வாங்கும் குருணை, இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது. 1930-களில் அஸ்ஸாமில் வந்த முறை அது. அதில் சலித்தெடுத்த பொடிதான் 'டஸ்ட்'. டஸ்ட் என்றால் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பொடியானதால் சீக்கிரம் சாறு இறங்கும், அவ்வளவுதான்.

சரி, பெட்டியில் என்னென்ன வைக்கலாம்?

பால் டீக்கு ஒரு டப்பா டஸ்ட் அல்லது குருணை. தண்ணீரில் பொடியைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, மூடி வைத்து, இரண்டு நிமிஷம் கழித்து வடிகட்டிப் பால் சேருங்கள்.

இரண்டாவது, நீலகிரி இலைத் தேயிலை. மணத்துக்குப் பேர் போனது. தம்ளருக்கு ஒரு சின்னக் கரண்டி போட்டு, கொதித்த நீரை ஊற்றி மூன்று நிமிஷம் மூடி வைத்தால் போதும். பால் வேண்டாம், எலுமிச்சை இரண்டு சொட்டு விடலாம்.

மூன்றாவது, இலங்கைத் தேயிலை. எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் அநேகம் என்பதால், இந்தப் பேர் பழைய வீடுகளுக்குப் புதிதல்ல. கண்டிப் பக்கம் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலைத் தோட்டம் போட்டார். பிறகு காப்பிச் செடிகளில் நோய் விழவே, மலையெல்லாம் தேயிலையாயிற்று. அதை வளர்த்தது நம் தமிழ்நாட்டிலிருந்து போன கைகள். நுவரெலியாத் தேயிலை மென்மையானது. தாழ்ந்த பகுதித் தேயிலை நல்ல கடுப்பு.

நான்காவது, பச்சைத் தேயிலை. கொதிக்கும் நீரை ஊற்றினால் கசந்துவிடும். இறக்கி நாலைந்து நிமிஷம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டே நிமிஷத்தில் வடித்துவிடுங்கள்.

எதையும் நூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். தேயிலைக்குப் பகை நாலு: ஈரம், வெளிச்சம், சூடு, பிற வாசனை. எங்கள் ஊரில் கடல் காற்று வேறு! இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா நல்லது. பெருங்காயம், கருவாடு பக்கத்தில் வைத்தால் டீயும் அந்த வாசனைதான் அடிக்கும். ஈரக் கரண்டி கூடவே கூடாது. வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

சாயம் ஏற்றிய தூளா என்று சந்தேகமா? நனைத்த வடிகட்டும் தாளில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். உடனே நிறம் பரவிக் கறை பிடித்தால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு! காந்தத்தை மேலே காட்டினால் இரும்புத் தூள் இருந்தாலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கருப்பட்டி போட ஆசையானால், அதைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டி, டீயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும். நீரிழிவுக்காரர்கள் மட்டும், கருப்பட்டிதானே என்று ஏமாந்துவிட வேண்டாம். அதுவும் இனிப்புதான்.

இனி முக்கியமான விஷயம். சோறு தின்ற கையோடு ஒரு டீ குடிப்பது என் வழக்கமாக இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. ரத்தத்தைப் பரிசோதித்தால் சோகை! "வாரம் நாலு நாள் முருங்கைக் கீரை தின்கிறேனே டாக்டர்" என்றேன். "கூடவே டீயும் குடிக்கிறீர்களே அம்மா" என்றார். கீரை, பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தேயிலையின் துவர்ப்புச் சத்து தடுத்துவிடுமாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. கர்ப்பிணிகளும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் இதை மறக்கவேண்டாம்.

ஐந்தாவது டப்பா எது என்று கேட்கிறீர்களா? அது மதினி கொடுத்த மாஞ்சோலைத் தேயிலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்கள் அங்கே உழைத்தார்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலிக்கு ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரை விட்டார்கள். குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024 ஜூனில் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது.

மதினி இப்போது கீழே வாடகை வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். கடையில் வாங்கிய டீத்தூளைக் கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் கொழுந்து பறிச்சேன். காசு குடுத்து டீத்தூள் வாங்குதது இப்பதான் ஏட்டி" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாள் என் ஐந்தாவது டப்பாவில் பாதியை அவருக்கே கொடுத்தனுப்பினேன்.

மீதி இரண்டு கரண்டிதான் இருக்கும். மதினி வரும் நாளில், அவர் சொல்லிக் கொடுத்தபடி, வேக வைக்காமல் போட்டுக் கொடுப்பேன்.

நீங்களும் அடுத்த முறை டீத்தூள் வாங்கும்போது, எந்த மலையில் விளைந்தது என்று பொட்டலத்தில் பாருங்களேன்.