நீரிழிவும் ஞாபகசக்தியும்

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை நம் ஜனங்கள் அறிவார்கள். அது புத்தியையும் அரிக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைக் கவனித்துவந்த வைத்திய நிபுணர்கள், நீரிழிவுள்ளோருக்கு மறதி நோய் நேருவது ஏறக்குறைய இருமடங்கு என 1999-ல் வெளியிட்டனர்.

அப்படியாயின் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தால் புத்தி பிழைக்குமா? வட அமெரிக்காவில் சுமார் 3,000 நோயாளிகளிடம் நடந்த பரீக்ஷையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. கடும் சிகிச்சை பெற்றோரின் அறிவுத்திறன் மற்றவர்களுடையதைவிட மேம்படவில்லை. செமாக்ளுடைடு என்னும் நீரிழிவு மருந்தும் அல்சைமர் நோயின் வேகத்தைத் தணிக்கவில்லை என்பது 2025 நவம்பரில் தெரிந்தது.

இதனால் சிகிச்சையே வீண் என்று எவரும் எண்ணலாகாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்க அது அவசியம். ஆனால் மறதியுள்ளவர் இன்சுலின் போட்டுக்கொண்டதை மறந்து மீண்டும் போட்டுக்கொள்வாரானால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே மறதியை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, அதற்கேற்பச் சிகிச்சையை எளிதாக்குவதே விவேகம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 65 வயதான நோயாளிகளுக்கு வருஷந்தோறும் இச்சோதனை வேண்டும் என்கிறது. இந்தியாவிலோ நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் ஆரம்பித்தனர். மாத்திரை கொடுக்கும் கைகள், முதியவரின் ஞாபகசக்தி எவ்வாறுள்ளது என்பதையும் விசாரித்தறிவது பெருஞ்செலவான காரியமன்று. மருந்தைக் கொடுத்துவிட்டு, அதை உண்ண நினைவிருக்கிறதா என்று கேளாமற்போவது பாதி வைத்தியமே என்போம்.