குடிக்கும் தோழரைக் கண்டிப்பது மட்டும் போதுமா?

மட்டாஞ்சேரி என்றதும் தோழர்களுக்கு 1953 செப்டம்பர் 15 நினைவுக்கு வரும். கூடி நிற்கும் தொழிலாளர்களின் நடுவே முகவர்கள் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று துறைமுகத்தில் வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அந்த இழிமுறையை எதிர்த்த போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி ஆகியோர் உயிர்ப்பலியானார்கள்.

சாப்பா ஒழிந்தது. வேலை நிச்சயமின்மை ஒழியவில்லை. சரக்குப் பெட்டகங்கள் வந்தபின் துறைமுகத்துக்குத் தேவைப்படும் கைகள் குறைந்தன. 2011இல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டது. நாளை கூலி உண்டா என்று தெரியாமல் வீடு திரும்பும் உழைப்பாளியின் வழியில் மதுக்கடை மட்டும் தவறாமல் திறந்திருக்கிறது.

மனம் சோர்ந்ததால் குடிக்கிறானா, குடித்ததால் மனம் சோர்ந்ததா? இரண்டும் நடக்கின்றன. மது நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தும் பொருள். முதல் ஒரு மணி நேரம் ஆறுதல் தரும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். அந்தப் பதற்றத்துக்கு மருந்தாக மீண்டும் மதுவே தேடப்படுகிறது. குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குச் சோர்வு தணிந்துவிடுகிறது. தணியாதவர்களுக்கு மனச்சோர்வுக்கென்றே சிகிச்சை வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவர்கள் மீண்டும் குடிக்கே திரும்பும் அபாயம் மிகுதி.

நமது கிளைகளில் நடப்பது என்ன? முதலில் அறிவுரை, பிறகு எச்சரிக்கை, கடைசியில் உறுப்பினர் புதுப்பித்தலின்போது பெயர் ஓசையின்றி விடுபடுகிறது. மனைவியை அடிப்பவனுக்கு நோயைக் காட்டி மன்னிப்புக் கேட்க முடியாது. அதில் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு வராமல், யாரோடும் பேசாமல், சின்ன விஷயத்துக்கும் சீறுகிற தோழரிடம் "உறங்குகிறீர்களா?" என்று கேட்ட கிளைச் செயலாளர்கள் எத்தனை பேர்?

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதமும் உண்டு. 1996இல் அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. 2014இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு பார்களை மூடியது. 2020 மார்ச்சில் ஊரடங்கால் கேரளத்தின் மதுக்கடைகள் ஒரே நாளில் அடைபட்டபோது, மது கிடைக்காமல் பலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரை போகும், உயிரும் போகலாம். மருத்துவச் சீட்டின் பேரில் மது வழங்க இடது ஜனநாயக முன்னணி அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள்; உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆணை தவறானதுதான். தேவைப்பட்டது மது அல்ல, மருத்துவமனைப் படுக்கை. மதுவிலக்கு அல்ல, மதுவைத் தானே கைவிடச் செய்வதே வழி என்று கூறி 2016இல் 'விமுக்தி' இயக்கத்தைத் தொடங்கிய அரசு, மது வரியை நம்பியே கஜானாவை நடத்தியதையும் பேசாமல் விட முடியாது. டாஸ்மாக்கை எதிர்க்கும் தமிழகத் தோழர்களுக்கு இது நன்கு விளங்கும்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மதுப் பழக்க நோயாளிகளில் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. 2022இல் தற்கொலை விகிதம் நாட்டில் லட்சத்துக்கு 12.4, கேரளத்தில் 28.5. அவ்வாண்டு நாடெங்கும் தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

2017 மனநலச் சட்டம் மதுப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோயாகவே ஏற்கிறது. ஆகவே இது தொழிற்சங்கக் கோரிக்கை. இஎஸ்ஐ உள்ளவருக்கு நோய்க்கால உதவியாக 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். தினக்கூலி இரண்டு வாரம் மருத்துவமனையில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனாலேயே அவர் போவதில்லை. அந்த இரண்டு வாரக் கூலியை நலவாரியங்கள் தர வேண்டும் என்று சங்கங்கள் எழுத்தில் கேட்கட்டும். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416. சங்க அலுவலகப் பலகையில் அதை இன்றே எழுதி வைக்கலாம்.